பைரவருக்குத் தயிர்சாதம் போதுமா?

வீட்டு விலங்குகளைப் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பட்டர்வொர்த்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் பதில் தருகிறார்.

கேள்வி: டாக்டர் அக்கா, என் கணவருக்கு இருதய அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தால் குடும்பமே சைவமாகிவிடுவதாக அத்தை தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டார். முடிந்தது, ஆகிவிட்டோம். வீட்டு வாசலைத் தாண்டி மச்சம் வரக்கூடாது என்பது அத்தையின் கண்டிப்பு. எங்களிடம் மணி என்று ஒரு லேப்ரடார் கலப்பு நாய் இருக்கிறான். கறுப்பு, நாலு வயது, 20 கிலோ. முன்பெல்லாம் கோழியும் சோறும் சாப்பிட்டவன். இப்போது காலையில் இட்லி, மத்தியானமும் ராத்திரியும் தயிர்சாதம், சில நாள் சாம்பார்சாதம். தட்டை நக்கித்தான் வைக்கிறான். எடைகூட ஏறியிருக்கிறது. ஆனால் கறுப்பு முடி செம்பட்டையாகிக்கொண்டே வருகிறது. வெயிலில் படுத்துக் கிடக்கிறானே, அதனால்தான் என்கிறார் அத்தை. சுங்கைப்பட்டாணியில் இருக்கும் என் அண்ணனோ, “வாயில்லா ஜீவனைக் கொடுமைப்படுத்துகிறீர்கள், இது சட்டப்படி குற்றம், புகார் கொடுப்பேன்” என்று வாட்ஸ்அப்பில் தினமும் சண்டை. நாய் சைவமாக வாழ முடியுமா, முடியாதா?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: வாழ முடியும், தங்கச்சி. ஆனால் மணி இப்போது சாப்பிடுவதைச் சைவ நாய் உணவு என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் அவனுக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது, அவ்வளவுதான். உங்கள் அண்ணனும் அத்தையும் இதைப் பார்க்காமல் வேறு எதற்கோ சண்டை போடுகிறார்கள்.

முதலில் அண்ணனை அமைதிப்படுத்துவோம். நம் மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், வளர்க்கிறவர் அந்த விலங்குக்குத் தகுந்த உணவு தர வேண்டும் என்கிறது. இறைச்சிதான் தர வேண்டும் என்று அதில் இல்லை. அதற்காக அத்தை ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ‘தகுந்த உணவு’ என்ற இடத்தில்தான் உங்கள் தயிர்சாதம் தடுக்கி விழுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணி அளவுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 கலோரி வேண்டும். வளர்ந்த நாய்க்கு 1,000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் தீவனத் தரம் வகுக்கும் ஆஃப்கோ என்ற அமைப்பு சொல்கிறது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பல நாய்த் தீவனங்களும் இந்த அளவுகளை ஒட்டித்தான் தயாராகின்றன. இப்போது 650 கிராம் சோற்றையும் கால் கிலோ தயிரையும் பிசைந்து வையுங்கள். கலோரி 1,000-ஐத் தொட்டுவிடும். புரதம்? 27 கிராமுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். சுண்ணாம்புச் சத்து 1,250 மில்லிகிராம் வேண்டிய இடத்தில் 400 கூடத் தேறாது. மணிக்கு எடை ஏறியதில் ஆச்சரியமே இல்லை. மாவுச்சத்துக்குக் குறைவில்லையே.

அந்த எடையை நம்பாதீர்கள். இன்று சாயங்காலம் அவனை நிற்க வைத்து, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை அழுத்தி, கழுத்திலிருந்து இடுப்பு வரை இழுத்துப் பாருங்கள். எலும்புக்குப் பக்கத்தில் சதை திரண்டிருக்க வேண்டும். அங்கே பள்ளம் விழுந்து எலும்பு முட்டினால், வயிறு எவ்வளவு உருண்டிருந்தாலும் அவன் தசையை இழந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் நெற்றிப்பொட்டையும் தொட்டுப் பாருங்கள். அங்கே குழி விழுந்திருந்தாலும் அதே கதைதான். என் கிளினிக்கில் எடை மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே நான் தொட்டுப் பார்க்கும் இடங்கள் இவை இரண்டும்.

அடுத்து அந்தச் செம்பட்டை. அத்தை சொல்வது முழுப் பொய்யும் இல்லை. வெயிலில் கறுப்பு முடி வெளுக்கத்தான் செய்யும். ஆனால் வெயில் வெளுக்க வைப்பது முதுகையும் முடியின் நுனியையும்தான். மணியின் முடியைப் பிரித்து அடியில் பாருங்கள். வெயிலே படாத அக்குளையும் பாருங்கள். புதிதாக முளைக்கும் முடியும் சிவப்பாகத்தான் வருகிறது என்றால் சந்தேகம் சாப்பாட்டின் மேல் திரும்ப வேண்டும். கறுப்பு நிறமியைத் தயாரிக்க புரதத்திலிருந்து கிடைக்கும் டைரோசின், ஃபினைல் அலனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் வேண்டும். அவை போதாமல் போனால் கறுப்பு நாய்க்குட்டிகளின் முடி செம்பழுப்பாவதை ஆராய்ச்சியிலேயே பார்த்திருக்கிறார்கள். கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் பாதத்திலும் பொருக்குப் பொருக்காக வந்தால் துத்தநாகக் குறைவாக இருக்கலாம். தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது.

வெயில் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நமக்கு வெயில் பட்டால் தோலே வைட்டமின் டி தயாரித்துக்கொள்ளும். நாயின் தோலுக்கு அந்தத் திறமை அனேகமாகக் கிடையாது. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. பினாங்கு வெயில் முழுக்க மணியின் முதுகில் விழுந்தாலும் இந்த விஷயத்தில் பிரயோஜனம் இல்லை.

சாம்பாரைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: நாளையிலிருந்து ஒரு சொட்டுகூட வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். வேகவைத்தாலும் காயவைத்தாலும் அதன் விஷம் போகாது. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும். அதைவிடக் கொஞ்சமாக, ஆனால் நாள்தோறும் போனாலும் ஆபத்துதான். இதோடு புளி வேறு. திராட்சை ஏன் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது ரொம்ப காலம் புதிராக இருந்தது. டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று 2021 முதல் பலமாகச் சந்தேகிக்கிறார்கள். அந்த அமிலம் நம் புளியிலும் நிறைய உண்டு. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ரசம்சாதம் வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று நாய்க்குப் பிசைந்து வைக்கிற பாட்டிகள் நம் ஊரில் நிறைய பேர். இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சரி, முடியும் என்று எந்தத் தைரியத்தில் சொன்னேன்? நாய் ஓநாயின் வழிவந்தது என்றாலும், மனிதனோடு சேர்ந்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான வருடங்களில் அதன் குடலும் மாறிவிட்டது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2013-ல் ‘நேச்சர்’ இதழில் இதைக் காட்டினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருக்கும். நாயிடம் நாலிலிருந்து முப்பது வரை இருக்கிறது. மேலும் நாய்க்கு வேண்டியது இறைச்சியில் இருக்கும் சத்துகள். அவை வேறு வழியில் சரியான அளவில் கிடைத்தாலும் அதன் உடம்பு ஏற்றுக்கொள்ளும். பந்தயத்தில் ஓடும் சைபீரியன் ஹஸ்கி நாய்கள் பன்னிரண்டில் பாதிக்கு இறைச்சியே இல்லாத, ஆனால் சத்துகளைச் சரிக்கட்டிய தீவனத்தை 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அது 2009-ல் வந்த ஆய்வு. 2024-ல் வந்த இன்னொன்றில் 15 வீட்டு நாய்கள் ஒரு வருடம் முழுக்கத் தாவரத் தீவனம் மட்டும் தின்று நன்றாகவே இருந்தன. அதே 2024 ஜூலையில், அதுவரை இதை எதிர்த்துவந்த பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கமும் தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது. நாய்க்குத் தாவர உணவு கொடுக்க முடியும், ஆனால் அதைச் சரியாக அமைப்பது கடினம் என்பது இப்போது அவர்கள் வாதம்.

பன்னிரண்டு நாய், பதினைந்து நாய் என்பதெல்லாம் சின்ன எண்ணிக்கை. ஆயிரக்கணக்கான நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வும் 2022-ல் வந்தது. தாவரத் தீவனம் தின்கிற நாய்களுக்கு நோய் குறைவு என்றது. ஆனால் நாயை வளர்க்கிறவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தை வைத்து எழுதியது அது. தான் எடுத்த முடிவு தவறு என்று எந்த வீட்டுக்காரர் எழுதுவார்? அதனால் இன்றைக்குச் சொல்லக்கூடியது, சத்துகளைச் சரிக்கட்டிய சைவத் தீவனம் வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு ஆகும் என்பது மட்டும்தான். தயிர்சாதத்தை வைத்து யாரும் இப்படி ஒரு முடிவுக்கு வரவில்லை.

அசைவக்காரர்கள் இதைப் படித்துவிட்டு மார்தட்ட வேண்டாம். வீட்டிலேயே சமைத்து நாய்க்குப் போடச் சொல்லி வந்த 200 சமையல் குறிப்புகளைக் கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2013-ல் அலசினார்கள். அவற்றில் 95 விழுக்காட்டில் ஏதாவது ஓர் அவசியமான சத்தாவது குறைவு. மணி முன்பு சாப்பிட்ட கோழியும் சோறும் அந்தப் பரீட்சையில் தேறியிருக்காது. எலும்பில்லாத கோழியில் சுண்ணாம்புச் சத்து ஏது? எலும்போடு போட்டால், வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆகவே அத்தையின் வேண்டுதலால் மணி சொர்க்கத்திலிருந்து விழுந்துவிடவில்லை.

இனி என்ன செய்வது? என்னைக் கேட்டால், பாக்கெட்டில் வரும் சாதாரண நாய்த் தீவனத்தைப் பின்வாசலில் மூடி போட்ட டப்பாவில் வைத்து, அங்கேயே அவனுக்குப் போடுங்கள். வீட்டுக்குள் சமையல் இல்லை, அடுப்பில் ஏறவில்லை, அத்தையின் கையில் படவும் வேண்டாம். வேண்டிக்கொண்டவர் அத்தை. மணி யாரிடமும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. என் வீட்டிலும் வெள்ளிக்கிழமை சைவம்தான். என் நாய்க்கு வெள்ளிக்கிழமை தெரியாது.

அதற்கும் அத்தை சம்மதிக்கவில்லை என்றால் முட்டையைப் பற்றிப் பேசிப் பாருங்கள். முட்டைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும் சைவக் குடும்பங்கள் எனக்கு நிறையத் தெரியும். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், அதுவும் முதல்தரப் புரதம். பி12-ம் கொஞ்சம் டி-யும் கூடவே வரும். சுண்ணாம்புச் சத்துக் குறை மட்டும் அப்படியே நிற்கும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முட்டையும் ஆகாது என்றால் முழுச் சைவத் தீவனமாகவே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலை கூடுதல்தான். முன்பக்கத்தில் போட்டிருக்கும் கேரட் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். வளர்ந்த நாய்க்கு அல்லது எல்லா வயதுக்கும் ‘முழுமையான, சமச்சீரான’ உணவு என்று இருக்க வேண்டும். ‘துணை உணவு’, ‘தின்பண்டம்’ என்று இருந்தால் அதை மட்டும் போட்டு நாயை வளர்க்க முடியாது. இன்று வாங்கி நாளைக்கே மாற்றிவிடவும் கூடாது. பழைய சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏழிலிருந்து பத்து நாளில் முழுசாக மாற்றுங்கள்.

நானே சமைக்கிறேன் என்று கிளம்பினால், அதுதான் கடினமான வழி. புரதம் பெரிய பிரச்சினை இல்லை. நம் ஊரில் தெம்பே இருக்கிறது, 100 கிராமில் 19 கிராம் புரதம். தவ்ஃபு இருக்கிறது, கடலை இருக்கிறது. ஆனால் தெம்பேயும் தவ்ஃபும் சோயாதான், சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. பி12, டி, துத்தநாகம், சுண்ணாம்பு, அயோடின் எல்லாவற்றையும் அளந்துதான் சேர்க்க வேண்டும். விலங்கு உணவியல் படித்த மருத்துவர் மணியின் எடைக்கு எழுதித் தரும் குறிப்பும், அதோடு போட வேண்டிய தாதுப்பொடியும் இல்லாமல் இறங்காதீர்கள். உங்கள் கணவர் சாப்பிடும் மல்டிவைட்டமினில் பாதியை உடைத்துப் போடுவதும் வேண்டாம். வைட்டமின் டி கூடினாலும் நாய்க்கு விஷம். மென்று தின்னும் மாத்திரைகள் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும்.

பருப்பை வேகவைத்துக் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டாணி, பருப்பு வகைகள் அதிகமாகச் சேர்த்த தீவனங்களுக்கும் நாய்களின் இருதயம் தளர்ந்து வீங்கும் நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்தது. அந்தத் தீவனங்களில் பலவற்றில் இறைச்சியும் இருந்தது. பருப்புதான் குற்றவாளி என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. டாரின் என்ற பொருளை மற்ற அமினோ அமிலங்களிலிருந்து நாய் தானே தயாரித்துக்கொள்ளும். ஆனால் கோல்டன் ரிட்ரீவர், காக்கர் ஸ்பேனியல் போன்ற சில இனங்களில் அது குறைந்து இருதயம் பாதிப்பதைப் பார்த்திருக்கிறோம். மணி லேப்ரடார் கலப்பு என்றாலும், முழுச் சைவத்துக்குப் போனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிடுங்கள். தாவர உணவில் சிறுநீர் காரத்தன்மை பக்கம் சாயும், சில நாய்களுக்கு அதில் கல் சேரும். இப்போதைக்கு இந்த வாரமே ஒருமுறை கூட்டிக்கொண்டு போய், முழு ரத்தப் பரிசோதனையும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவும் பாருங்கள். சாம்பார் சாப்பிட்ட கதையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குட்டி போடும் நாய், பால் கொடுக்கும் நாய், ஒரு வயது ஆகாத குட்டி, இவற்றை வைத்துச் சைவப் பரீட்சை செய்யவே கூடாது. இது மணிக்காகச் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அடுத்த வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். நாய்க்குக் கோரைப்பல் எதற்கு இருக்கிறது? இயற்கைக்கு விரோதமாக நாய்க்குக் காய்கறி போடுகிறவர்களை நீங்கள் கண்டிக்க வேண்டாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பிறை

பதில்: ஐயா, வணக்கம். புலியின் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நாய் புலி இல்லையே! நாயின் வாயைத் திறந்தால் முன்னால் கோரைப்பல் இருக்கும். உள்ளே கடைவாயில் அரைப்பதற்கென்று தட்டையான பற்களும் இருக்கும். பூனையின் வாயில் அப்படி அரைக்கும் பற்கள் கிடையாது. பல்லை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக இருந்தால், 2014-ல் சீனாவிலிருந்து நம் தேசிய மிருகக்காட்சிசாலையான ஸூ நெகாராவுக்கு வந்த பாண்டாக்களுக்கு மூங்கிலுக்குப் பதிலாக ஆட்டுக்கறி போட்டிருக்க வேண்டும். பாண்டாவும் ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்ததுதான். ஆனால் உங்கள் வாதத்திலும் பொருள் இருக்கிறது. அந்தப் பாண்டாவின் குடலுக்கு மூங்கில் சரியாகச் செரிக்காது, அதனால் நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வாயில் போனது உடம்பில் எவ்வளவு சேர்கிறது என்பதுதான் கேள்வி. அதைப் பல்லில் பார்க்க முடியாது, ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

கண்டிக்க மாட்டேன், ஐயா. சைவத் தீவனத்தை அளந்து போட்டு, வருடாவருடம் பரிசோதனைக்குக் கொண்டுவருகிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். கோழிச்சோற்றுக் கடையில் மிஞ்சிய தோலையும் கொழுப்பையும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து போட்டே நாய்க்குக் கணைய வீக்கம் வரவைத்தவர்களையும் தெரியும். இரண்டாவது வகையைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனையையும் சைவமாக்க ஆசை. பாலும் சோறும் போதுமா?
— வாசகி, ஜெலுத்தோங்

பதில்: போதாது. பூனையைச் சைவமாக்க ஆசையே வேண்டாம், அம்மா. நாய்க்குச் சொன்ன நியாயம் எதுவும் இங்கே செல்லாது. டாரினைப் பூனையின் உடம்பு போதிய அளவு தயாரிக்காது, சாப்பாட்டில் வந்தே ஆக வேண்டும். குறைந்தால் கண்ணின் விழித்திரை அழியும், இருதயம் வீங்கும். டாரின் குறைவால் பூனைகளுக்கு இருதய நோய் வருகிறது என்பதை 1987-லேயே கண்டுபிடித்து, அதன் பிறகுதான் தீவன நிறுவனங்கள் டாரினைக் கூட்டின. கேரட்டில் இருக்கும் சத்தை நாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வோம், பூனையால் முடியாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கில் விடும். நாய் விஷயத்தில் நிலையைத் தளர்த்திய அந்தப் பிரிட்டிஷ் சங்கமும் பூனைக்குச் சைவ உணவைப் பரிந்துரைக்கவில்லை. வீட்டில் மீன் வாடையே ஆகாது என்றால் முயல் வளருங்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்கு நாங்கள் ஒரு மண்டலம் விரதம் இருப்போம். அந்த நாட்களில் நாயும் எங்களோடு சைவம். பூசத்தன்று பினாங்குத் தீவுக்குப் போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொந்தக்காரர் வீட்டில் விடுவோம். போன முறை ஊர் திரும்பியதும் இரண்டு நாள் ஒரே வாந்தி. விரதம் ஒத்துக்கொள்ளவில்லையோ?
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தம்பி, சொந்தக்காரர் வீடு ரத ஊர்வலம் போகும் பாதையில்தானே இருக்கிறது? எனக்குச் சந்தேகம் தேங்காயின் மேல். பினாங்கில் ரதத்துக்கு முன்னால் எவ்வளவு தேங்காய் உடைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா! ரோடு முழுக்கத் தேங்காய்ச் சில். கதவு திறந்திருந்தால் நாய் சும்மா இருக்குமா? தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. ஒரு மண்டலம் தயிரும் சோறும் தின்று பழகிய வயிற்றில் அது திடீரென்று இறங்கினால் வாந்தி, பேதி, சில நாய்களுக்குக் கணைய வீக்கம்கூட வரும். தேங்காய் ஓட்டுத் துண்டை விழுங்கியிருந்தால் குடலே அடைத்துக்கொள்ளும். வாந்தியோடு சாப்பிட மறுத்து, முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுவது மாதிரி நின்றால் வயிறு வலிக்கிறது என்று பொருள். மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு ஒரு மண்டலச் சைவத்தால் பெரிய ஆபத்து வந்துவிடாது. ஆனாலும் வருடாவருடம் இப்படித் திடுதிப்பென்று மாற்றி, பிறகு திடுதிப்பென்று திருப்பி மாற்றுவது அதன் வயிற்றுக்குத் தேவையில்லாத தொல்லை. பாக்கெட் தீவனம் உங்கள் விரதத்தைக் கெடுக்கும் என்று தோன்றினால், விரதம் இருக்காத பக்கத்து வீட்டுக்காரரிடம் தீவனத்தைக் கொடுத்து வைத்து, வேளைக்கு அவரையே போடச் சொல்லுங்கள். நம் தாமான்களில் இந்த உதவிக்கு யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம் எதையும் பிரசாதம்தானே என்று நாய்க்கு ஊட்டாதீர்கள். உலர்திராட்சை கிடக்கும். எத்தனை திராட்சை தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாத சமாச்சாரம் அது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் நன்றாக இருக்கும், இன்னொன்றுக்கு நாலு பழத்திலேயே சிறுநீரகம் நின்றுபோகும்.

கேள்வி: பாலிக் புலாவ் டுரியான் சீசனில் எங்கள் நாய் டுரியான் கேட்டு அழுகிறது. அதுவும் சைவம்தானே, கொடுக்கலாமா?
— வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: சைவம்தான், சந்தேகமே இல்லை. கொட்டையை எடுத்துவிட்டு விரல் நுனி அளவு சதை கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் வேண்டாம், சர்க்கரையும் கொழுப்பும் அதிகம். பழத்தைவிடக் கொட்டையும் தோலும்தான் என் கவலை. சுளையைக் கொட்டையோடு லபக்கென்று விழுங்கிவிட்டால் குடலில் சிக்கிக்கொள்ளும், அப்புறம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். தோலைத் திறந்த குப்பைத் தொட்டியில் போடாமல், பையில் கட்டி நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பழம் வாங்கும்போது கடைக்காரரிடமே பிளந்து டப்பாவில் போட்டுக் கொடுக்கச் சொன்னால் இந்தத் தொல்லையே வீட்டுக்கு வராது.